கனவு முதலில், சீட்டு பிறகு: டாரட் கட்டுக்குச் சொந்த அகராதி எழுதும் வேலைக்குறிப்பு

டாரட் கட்டு (பலன் பார்க்கப் பலரும் வைத்திருக்கும் 78 படச் சீட்டு) வாங்கியவர்கள் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். சீட்டை எடுப்பது, கூட வந்த குட்டிப் புத்தகத்தைப் புரட்டுவது, அதிலுள்ள நான்கு சொல்லைப் படிப்பது, மூடி வைப்பது. "எட்டுக் கோப்பை: விலகிப் போதல், ஏமாற்றம்." சரி, அப்புறம்? மூன்றாவது வாரம் கட்டு அலமாரிக்குள் போய்விடும். அந்தச் சொற்களில் தப்பு ஒன்றும் இல்லை, இன்னொருவர் எழுதி வைத்தது என்பதுதான் சிக்கல்.

78 சீட்டுக்கும் உங்கள் கனவையும் நீங்கள் எழுதும் மூன்று வரிக் கவிதையையும் வைத்து ஒரு சொந்த அகராதி கட்டுவது எப்படி என்று இங்கே சொல்கிறோம். நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிற வேலை இதில் கிடையாது. கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டில் பலன் ஏற்கெனவே எழுதியிருக்கும். இங்கே பலன் பக்கம் காலி.

காலக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாரத்துக்கு மூன்று கனவு கையில் சிக்கினால் 78 சீட்டுக்கு 26 வாரம், அதாவது அரை வருஷம். ஒரு சீட்டுக்கு உட்காரும் நேரம் 30 நிமிஷம். அவசரப்பட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்துச் சீட்டு முடித்தால் பத்தும் ஒரே கவிதையாக இருக்கும்.

கவிதைக்கும் இந்தச் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்

சம்பந்தம் பழையது. டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. 1494-இல் இறந்த மத்தேயோ மரியா போயார்தோ என்ற இத்தாலியக் கவிஞர் ஒரு கட்டுக்குச் சீட்டுக்கு மூன்று வரி வீதம் கவிதை எழுதிவைத்தார். அவர் கட்டின் நான்கு இனங்கள் (ஹார்ட்டின், ஸ்பேட் போன்ற பிரிவுகள்) காதல், பொறாமை, பயம், நம்பிக்கை. காதலுக்கு அம்பு, பொறாமைக்குக் கண், பயத்துக்குச் சாட்டை, நம்பிக்கைக்குக் குடுவை. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சபைகளில், ஒருவருக்குச் சில துருப்புச் சீட்டுகளைப் பொருத்தி அவற்றை வைத்து அவர்மேல் பாட்டுக் கட்டும் விளையாட்டு இருந்தது. 1527-இல் தியோஃபிலோ ஃபோலெங்கோ அச்சிட்ட நூலில் அப்படிச் சீட்டுகளை வைத்துக் கட்டிய சானெட்டுகள் (14 வரிக் கவிதைகள்) இருக்கின்றன. டாரட்டை எகிப்திய ஞானப் புத்தகம் என்று அந்துவான் கூர் த ஜெபலின் பாரிசில் எழுதியது 1781-இல்தான். அதற்கு ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை, பின்னால் வந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆகவே சீட்டுக்கு மூன்று வரி எழுதுவதை யாரும் புதுசாகக் கண்டுபிடித்த பயிற்சி என்று நினைக்க வேண்டாம்.

எந்தக் கட்டு

ரைடர்-வெயிட்-ஸ்மித் கட்டு. 1909 டிசம்பரில் லண்டனில் வந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, படம் பமீலா கோல்மன் ஸ்மித்துடையது. இதையே சொல்வதற்குக் காரணம் மைனர் ஆர்கானா என்கிற 56 சீட்டு, அதாவது கோப்பை, வாள், கோல், நாணயம் என்ற நான்கு இனச் சீட்டுகள். பழைய மார்செய் வகைக் கட்டில் எட்டுக் கோப்பை என்றால் எட்டுக் கோப்பை மட்டும்தான் இருக்கும், நம் விளையாட்டுச் சீட்டில் எட்டு ஹார்ட்டின் இருப்பதுபோல. ஸ்மித் அத்தனைக்கும் காட்சி வரைந்தார். ஆள் நிற்கிறார், உட்கார்ந்திருக்கிறார், மேலே மேகம் இருக்கிறது, பின்னால் பாலம் இருக்கிறது. கனவும் காட்சியாகத்தான் வருகிறது. காட்சியோடு காட்சியைத்தான் பக்கத்தில் வைக்க முடியும், எண்ணோடு வைக்க முடியாது. மார்செய் கட்டில் இந்த வேலையைச் செய்யலாம், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நகல் கட்டுகளைப் பார்த்து வாங்குங்கள். மஞ்சளும் சிவப்பும் அடர்ந்துபோய் முகத்தின் கோடுகள் தெரியாது. நாம் செய்யப்போகும் வேலை முழுக்க அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே செய்து கொள்ளவும் வழி உண்டு. ஸ்மித் இறந்தது 1951-இல். இந்தியாவில் படைப்பாளி இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை என்பதால் 2012 முதல் அவர் படங்கள் பொதுவுடைமை. பிற்காலத்தில் புதிதாக வண்ணம் தீட்டி விற்கும் பதிப்புகளுக்குத் தனி உரிமை இருக்கலாம், அதனால் பழைய அச்சின் ஸ்கேனையே எடுங்கள்.

அளவில் ஒரு கண்ணி உண்டு. கடைக் கட்டின் வழக்கமான அளவு 70க்கு 120 மி.மீ. ஏ4 தாளின் அகலம் 210. மூன்று சீட்டை ஒட்டி வைத்தால் சரியாக 210 வரும், ஓரம் ஒரு மி.மீ. கூட மிஞ்சாது. பிரின்டர் ஓரத்தை விழுங்கிவிடும். 63க்கு 108 என்று சுருக்கினால் விகிதமும் மாறாது, குறுக்கே மூன்றும் நெடுக்கே இரண்டுமாகத் தாளுக்கு ஆறு சீட்டு வரும், பக்கத்துக்குப் பத்து மி.மீ. ஓரமும் கிடைக்கும். 78 சீட்டுக்குச் சரியாக 13 தாள். டிஜிட்டல் பிரின்ட் கடையில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன் என்று கேளுங்கள். ஜெராக்ஸ் கடையில் அடையாள அட்டைக்குப் போடும் பை லேமினேஷன் வேண்டாம். சீட்டு வழுக்கும், கட்டு இரண்டு மடங்கு தடிமனாகும், மூலையை வெட்டியதும் படலம் பிரியும்.

பின்பக்கத்தில் படம் அச்சிட ஆசைப்படாதீர்கள். இருபக்க அச்சில் ஒன்றிரண்டு மி.மீ. நகர்வது சகஜம். நகர்ந்தால் பின்பக்கத்தை வைத்தே சீட்டை அடையாளம் கண்டுவிடுவீர்கள், கலைப்பதற்கு அர்த்தமில்லாமல் போகும். வெற்றுப் பின்பக்கமே போதும்.

இரண்டு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ஓட்டை

படுக்கைக்குப் பக்கத்தில் கோடு போடாத சின்ன நோட்டு ஒன்று. மேசையில் 200 பக்க ஏ5 நோட்டு ஒன்று. பெரியதில் முதல் 4 பக்கம் சீட்டுப் பட்டியலுக்கு, அடுத்து சீட்டுக்கு 2 பக்கம் வீதம் 156 பக்கம், கடைசி 40 பக்கம் சொல்லடைவுக்கு (எந்தச் சொல் எந்தச் சீட்டில் வந்தது என்ற பட்டியல்). முன்கூட்டியே பக்க எண் போட்டு 78 தலைப்பையும் எழுதிவிடுங்கள். போடாவிட்டால் பன்னிரண்டாவது சீட்டில் ஒழுங்கு குலையும்.

படுக்கை நோட்டுக்கு 2பி பென்சில். மல்லாந்து படுத்தபடி எழுதினால் பால் பாயின்ட் பேனா நான்காவது வரியில் நின்றுவிடும், மை கீழே இறங்காது. வெளிச்சத்துக்கு ஜீரோ வாட் பல்பு. போனில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். திரையைத் திறந்ததும் இரவு வந்த செய்தி கண்ணில் படும், கனவு போய்விடும். குரலைப் பதிவு செய்வது அதைவிடப் பரவாயில்லை, ஆனால் தூக்கக் கலக்கத்தில் பேசியதில் பாதி காலையில் உங்களுக்கே புரியாது.

கடைசிக் கருவி: கறுப்புச் சார்ட் அட்டையில், சீட்டைவிடப் பெரிய துண்டு ஒன்றை எடுத்து, நடுவில் 25 மி.மீ. சதுர ஓட்டை. இதன் பயன் பிறகு.

விடியற்காலை வேலை

கனவு அடர்த்தியாக வரும் ரெம் உறக்கம் ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக வருகிறது, விடிய விடிய அந்தச் சுற்றில் அதன் பங்கு நீளுகிறது. ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு அலாரத்தில் எழுபவர் "எனக்குக் கனவே வராது" என்று சொல்வது இதனால்தான். கனவு வரும் நேரத்தையே அவர் வெட்டிவிடுகிறார். வாரத்தில் மூன்று நாளாவது ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க முடிகிற நாட்களை இதற்கு ஒதுக்குங்கள். படுக்கப் போகும் முன் மது குடித்தால் முன்னிரவு ரெம் அடங்கிப்போகும். சில மனச்சோர்வு மருந்துகளும் கனவைக் குறைக்கும். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, கிடைத்த துணுக்கை வைத்தே வேலை செய்யலாம்.

விழித்ததும் புரளாதீர்கள். கண் மூடியபடி ஒரு நிமிஷம், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறகு எழுதும் வரிசை இது: முதலில் ஐந்தாறு ஒற்றைச் சொல் (கிணறு, வாளி, எண்ணும் ஆள்), அடுத்து நிகழ்காலத்தில் நான்கைந்து வாக்கியம், கடைசியில் எழுந்தபோது உடம்பில் இருந்த உணர்ச்சி ஒரு சொல். சொற்களை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாக்கியமாக எழுதத் தொடங்கினால் இலக்கணம் சேர்ந்து கதையைச் சீர் செய்துவிடும். "அப்போது", "அதனால்" என்ற இரண்டு சொல்லும் கனவில் கிடையாது, எழுதும்போதுதான் நுழையும். கண்டால் அடித்துவிடுங்கள்.

விளக்கம் ஒரு வரி கூட இந்த நோட்டில் வரக் கூடாது. "இது அலுவலகப் பிரச்சினையைச் சொல்கிறது" என்று எழுதிவிட்டால், அன்று எந்தச் சீட்டு வந்தாலும் அது அலுவலகத்தைப் பற்றியதாகவே தெரியும்.

சீட்டை எடுப்பதும் பார்ப்பதும்

அன்று மாலையோ மறுநாளோ உட்காரலாம், இரண்டு நாளுக்கு மேல் தள்ள வேண்டாம். கனவுப் பக்கத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்து மூடி வையுங்கள். கட்டை மேசையில் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் குழப்புங்கள். 78 சீட்டை விரல்களுக்குள் வைத்துக் கலைக்க எல்லார் கையும் போதாது. தலைகீழாக வந்தால் நேராக்கிவிடுங்கள். தலைகீழ்ப் பலன் என்று ஒரு மரபு இருக்கிறது, இந்த வேலைக்கு அது பாரம்.

ஒரு சீட்டு எடுங்கள். எடுத்ததைத் திரும்பக் கட்டில் போடாமல் தனிப் பெட்டியில் வைப்பது முக்கியம். காரணம் வெறும் கணக்கு. ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் கலைத்தால் 78-ஐயும் ஒருமுறையாவது பார்க்கச் சராசரியாக 385 தடவை எடுக்க வேண்டும். பதினொரு தடவைக்குள்ளேயே ஏதோ ஒரு சீட்டு இரண்டாம் முறை வர பாதிக்கும் மேல் வாய்ப்பு. "அதே சீட்டு மறுபடி வந்தது, ஏதோ சொல்ல வருகிறது" என்ற புல்லரிப்பில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான்.

இனி ஐந்து நிமிஷம் வெறும் சரக்குக் கணக்கு. படத்தில் இருப்பவை பதினைந்தை எழுதுங்கள். ஏழெட்டில் நின்றுவிடும். அப்போது ஓட்டை அட்டையைச் சீட்டின்மேல் வைத்து நகர்த்துங்கள். எட்டுப் பத்து இடத்தில் நிறுத்திப் பார்த்தால் முழுப் படத்தில் கண் தாண்டிப் போன பொருள்கள் கிடைக்கும்.

வாள் ஒன்பதை எடுத்துக்கொள்வோம். கெட்ட கனவின் சீட்டு என்று எல்லாப் புத்தகமும் சொல்லும் சீட்டு அது. கறுப்புப் பின்னணி, சுவரில் குறுக்காக ஒன்பது வாள், படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிய ஆள். முதல் பார்வையில் இவ்வளவுதான், "கவலை" என்று எழுதி மூடத் தோன்றும். ஓட்டையைக் கீழே இறக்குங்கள். போர்வை கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் ரோஜா, அடுத்ததில் ராசி அல்லது கிரகக் குறி, மாற்றி மாற்றி. யாரோ பொறுமையாக உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். கட்டிலின் பக்கப் பலகையில் ஒருவர் இன்னொருவரைச் சாய்க்கும் சிறிய செதுக்கல். அந்த ஆளின்மேல் வாள் ஒன்றுகூடப் படவில்லை, தைத்த போர்வைதான் மேலே கிடக்கிறது. இதைப் பார்த்த பிறகு "கவலை" என்ற சொல்லோடு நிற்க மனம் வராது. மேல்பாதியில் வாள், கீழ்பாதியில் ரோஜா. உங்கள் கனவு எந்தப் பாதியோடு ஒட்டுகிறது என்பதுதான் கேள்வி.

நினைவுச் சங்கிலி பற்றி ஒரு எச்சரிக்கை. ரோஜா, மாலை, கல்யாணம், கடன், வங்கி என்று ஓடத் தொடங்கினால் எந்தப் படத்திலிருந்து கிளம்பினாலும் உங்கள் வழக்கமான கவலையில்தான் போய் நிற்கும். கனவை ஆராய்ந்த ஃப்ராய்டின் முறைமேல் உளவியலாளர் யுங் வைத்த குறை இதுதான். யுங் படத்தையே சுற்றிச் சுற்றி வரச் சொன்னார். நடைமுறையில்: மூன்று தாவலுக்கு மேல் போகாதீர்கள், நான்காவதில் சீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

மூன்று வரி

விதிகள் குறைவு, ஆனால் கறார். முதல் வரியில் கனவிலிருந்து ஒரு பொருள். இரண்டாம் வரியில் சீட்டிலிருந்து ஒரு பொருள். மூன்றாம் வரியில் இரண்டிலும் இல்லாத, முந்தின நாள் விழித்திருந்தபோது கண்ணால் பார்த்த ஒன்று. மொத்தம் 15 சொல்லுக்குள். நேரம் 12 நிமிஷம்.

"போல", "என்னும்" இரண்டும் தடை. வாழ்க்கை, பயணம், விதி, இருள், ஒளி, நம்பிக்கை, மாற்றம் ஆகியவையும் தடை. இவை எந்தச் சீட்டுக்கும் பொருந்தும் சொற்கள், ஆகவே எந்தச் சீட்டுக்கும் உரியவை அல்ல. சங்க அகப்பாட்டைப் படித்தவர்களுக்கு இந்த இடம் பழகியதாகவே இருக்கும். உள்ளுறையில் கவிஞர் விலங்கையும் மரத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்வார், ஒப்பீட்டைக் கேட்பவர் முடித்துக்கொள்வார். இங்கே எழுதுபவரும் கேட்பவரும் ஒரே ஆள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு மாதிரிப் பக்கத்தை முழுசாகப் போட்டுக் காட்டலாம்.

கனவு: "கிணறு. வாளியை விடுகிறேன். ராட்டினத்தில் சத்தமே இல்லை. கயிறு கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது, முடியவில்லை. பக்கத்தில் யாரோ எண்ணுகிறார். சலிப்பு."

சீட்டு: எட்டுக் கோப்பை. சிவப்பு மேலாடை போட்டவர் முதுகைக் காட்டிக் கோல் ஊன்றி மலைப்பக்கம் நடக்கிறார். மேலே முகம் வைத்த நிலா கீழே பார்க்கிறது. முன்னால் கோப்பைகள், கீழ்வரிசையில் ஐந்து, மேல்வரிசையில் மூன்று. அந்த மூன்றுக்கு நடுவே இன்னொன்று வைக்கும் அளவுக்கு இடைவெளி.

முதல் முயற்சி:

வாழ்க்கை என்னும் கிணற்றில்
ஆசை என்னும் வாளி இறங்குகிறது
நிலா மௌனமாகப் பார்க்கிறது

தடைப் பட்டியலில் உள்ளவை மூன்று இடத்தில். சீட்டைப் பார்க்காமலே எழுதிவிடலாம் இதை. "மௌனமாக" என்பது நிலாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எழுதியவர் நெகிழ்ந்தார் என்றுதான் சொல்கிறது.

இரண்டாம் முயற்சி:

கயிறு முடியவில்லை
கோப்பைகளை விட்டுவிட்டு நடக்கிறான்
எனக்கும் போக வேண்டும்

முதல் வரி தேறிவிட்டது. இரண்டாவது, புத்தகத்தில் உள்ள அர்த்தத்தைத் திரும்பச் சொல்கிறது. மூன்றாவது தீர்ப்பு. முந்தின நாள் பார்த்த பொருள் எங்கே?

மூன்றாம் முயற்சி:

இறங்கிக்கொண்டே இருக்கும் கயிறு
மேல்வரிசையில் ஒரு கோப்பைக்கு மட்டும் இடம்
சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது

இதில் "சலிப்பு" என்ற சொல் இல்லை, ஆனால் குழாய் அந்த வேலையைச் செய்கிறது. கனவில் எண்ணிக்கொண்டிருந்த ஆளும் சொட்டுச் சத்தமாக உள்ளே வந்துவிட்டார், அதை யாரும் திட்டமிடவில்லை. இப்படி அழைக்காத ஒன்று தானே வந்து உட்கார்ந்தால் பக்கம் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதுகை, மோனை தானாக விழுந்தால் இருக்கட்டும். தேடிப் போனால் சொல் ஓசைக்காக மாறும், பொருள் கைவிட்டுப் போகும். வெண்பாவில் கை பழகியவர்கள் குறளாகவே கட்டலாம், தளை தட்டாமல் எழுத 12 நிமிஷம் அவர்களுக்கும் போதாது, அரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைப்பது

கவிதையிலிருந்து இரண்டு அல்லது மூன்று சொல் எடுத்துச் சீட்டுக்குப் பெயராகப் பக்கத்தின் மேலே எழுதுங்கள். மேலுள்ள எட்டுக் கோப்பைக்கு "சொட்டும் குழாய்". அதற்குக் கீழே ஒரே வரி விளக்கம்: "விட்டுப் போன பிறகும் காதில் கேட்பது." குட்டிப் புத்தகத்தை இப்போதும் திறக்க வேண்டாம். மூன்றாம் நாள் திறந்து, அது உங்கள் பெயரோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முட்டுகிறது என்று ஒரு வரி மட்டும் சேருங்கள்.

பெயர் தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு "உங்கள் ஆளுமை அறிக்கை" என்று தனித்தனியாகத் தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் எழுதியிருந்தது ஒன்றே. தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 5-க்கு 4.26. டாரட் புத்தகங்களின் வாசகங்களில் பாதி அந்தத் தாளில் இருந்திருந்தாலும் இதே மதிப்பெண் வாங்கியிருக்கும். ஆகவே நான்கு வாரத்துக்கு ஒருமுறை, எழுதிய பெயர்களில் பத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி, அந்தப் பத்துச் சீட்டுகளின்மேல் கண்மூடித்தனமாக ஒவ்வொன்றாக வையுங்கள். தப்பான சீட்டின்மேலும் பெயர் உறுத்தாமல் உட்கார்ந்தால் அது தளர்வான பெயர். "புதிய தொடக்கம்" எங்கே வைத்தாலும் உட்காரும். "சொட்டும் குழாய்" வாள் ஒன்பதின்மேல் உட்கார மறுக்கும். பத்தில் மூன்றுக்கு மேல் தளர்ந்திருந்தால் புதுச் சீட்டை நிறுத்திவிட்டு அந்தப் பக்கங்களை மறுபடி எழுதுங்கள்.

எங்கே சிக்கும்

கோர்ட் சீட்டுகளில். பேஜ் (பணியாள்), நைட் (குதிரை வீரர்), குயின் (ராணி), கிங் (ராஜா) நான்கு இனத்துக்கும் சேர்த்துப் பதினாறு. காட்சி என்று பெரிதாக இல்லை, ஒரு ஆள் நிற்கிறார் அல்லது உட்கார்ந்திருக்கிறார். சரக்குக் கணக்கு கிரீடம், குதிரை, சிம்மாசனம் என்று வறண்டுவிடும். இங்கே கேள்வியை மாற்ற வேண்டும். கனவில் வந்த ஆட்களில் யாரை இந்த நாற்காலியில் உட்காரவைக்கலாம்? உட்காரவைத்தால் கையை எங்கே வைப்பார்? முகம் தெரியாத எண்ணும் ஆள் போன்றவர்கள் இதற்கு நல்ல சரக்கு. இரண்டாம் வரியில் பொருளுக்குப் பதில் ஒரு சைகையை எழுதலாம். உறவினர் பெயரை நேராகப் போடாதீர்கள். "கோப்பை ராணி = அத்தை" என்று எழுதிய பக்கம் அதற்கப்புறம் அத்தையைத் தவிர எதையும் காட்டாது.

அடுத்தது மேஜர் ஆர்கானா 22, அதாவது நான்கு இனத்திலும் சேராத, தனிப் பெயர் கொண்ட துருப்புச் சீட்டுகள். இவற்றுக்கு ஊரெல்லாம் அர்த்தம் தெரியும் என்பதே தொந்தரவு. மரணம் வந்தால் மாற்றம், கோபுரம் வந்தால் சரிவு என்று கை தானாக எழுதும். ஓட்டை அட்டை இங்கேதான் அதிகம் உதவும். சீட்டு முழுவதையும் ஒரு தடவைகூடப் பார்க்காமல், ஓட்டை வழியே தெரியும் நான்கு துண்டை வைத்தே எழுதுங்கள். நிலா சீட்டில் நாயும் ஓநாயும் எல்லார் கண்ணிலும் படும். குளத்திலிருந்து பாதி உடம்பை வெளியே இழுத்துவரும் அந்த ஓட்டுப் பிராணி ஓட்டைக்குள் தனியாக மாட்டும்போது வேறு சீட்டாகிவிடும்.

கனவே சிக்காத வாரங்கள் வரும். கண்டுபிடித்து எழுத வேண்டாம். "ஒன்றும் இல்லை, வாயில் கசப்பு" என்று எழுதினாலும் அதில் கசப்பு இருக்கிறது, முதல் வரிக்கு அது போதும்.

இருவர் சேர்ந்து செய்தால் வேலை சூடு பிடிக்கும், சண்டையும் பிடிக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் மாண்டேக் உல்மன் கனவுக் குழுக்களில் வைத்த ஒரு விதியைக் கடன் வாங்குங்கள். கேட்பவர் எதைச் சொன்னாலும் "இது என் கனவாக இருந்தால்" என்றுதான் தொடங்க வேண்டும். "உன் கனவுக்கு அர்த்தம் இதுதான்" என்று ஒருவர் சொன்ன அன்று நோட்டை மூடிவிடுங்கள்.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், அல்லது நடந்த ஒரு கொடுமை அப்படியே கனவில் ஓடினால், அதைச் சீட்டோடு வைக்காதீர்கள். அது மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியது. இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

சொல்லடைவும் இரண்டாம் சுற்றும்

கடைசி 40 பக்கத்தில், கவிதைகளில் வந்த பெயர்ச்சொற்களை அகர வரிசையில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். கயிறு: எட்டுக் கோப்பை. கயிறு மறுபடி வந்தால் அதே வரியில் அடுத்த சீட்டு. இருபது சீட்டு வரை இது குமாஸ்தா வேலையாகவே இருக்கும். நாற்பதுக்கு மேல், ஒரு சொல் நான்கு சீட்டில் வருவதும், அந்த நான்கும் ஒரே இனமாக இருப்பதும் கண்ணில் படும். தண்ணீர் எல்லாம் வாளில் வருகிறது, கோப்பையில் ஒரு தடவைகூட வரவில்லை என்று ஒருவர் அடைவு சொல்லலாம். கோப்பைக்கு நீர், வாளுக்குக் காற்று என்று புத்தகம் சொல்லும். இந்த நோட்டைப் பொறுத்தவரை அடைவு சொல்வதுதான் சரி.

78 முடிந்ததும் இரண்டாம் சுற்றை வேறு நிற மையில், சீட்டுக்கு ஒதுக்கிய இரண்டாம் பக்கத்தில் எழுதுங்கள். முதல் பக்கத்தை முன்கூட்டிப் படிக்காமல் எழுதிவிட்டுப் பிறகு பாருங்கள். இரண்டு பெயரும் முட்டிக்கொண்டால் எதையும் அடிக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும். முதல் சுற்றில் எவ்வளவு உட்கார்ந்தும் வரி வராத நாலைந்து சீட்டு யாருக்கும் இருக்கும். அந்தப் பக்கங்களில் சீட்டின் பெயரையும் எடுத்த தேதியையும் மட்டும் எழுதிக் காலியாக விட்டுவையுங்கள். இரண்டாம் சுற்றைத் தொடங்கும்போது கட்டைக் கலைக்கும் முன், முதலில் எடுக்க வேண்டியவை அவை.